டொமைன் பெயரில் ஹைஃபன் வைத்தால் கூகுளில் பின்தங்குவோமா?

புதிதாகத் தளம் தொடங்குகிறவர்களுக்கு முதல் தலைவலி டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரிப் பெயர்தான். நினைத்து வைத்த பெயரை யாரோ ஏற்கெனவே பதிந்திருப்பார்கள். பதிவு செய்யும் தளம் உடனே ஒரு மாற்றைக் காட்டும்: அதே பெயர், நடுவில் மட்டும் ஒரு சின்னக் கோடு. வாங்கிவிடலாம் என்று தோன்றும்போதே, ‘ஹைஃபன் இருந்தால் கூகுள் கீழே தள்ளிவிடும்’ என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்து தடுக்கும். இன்னொருவர் நேர்மாறாக, ‘கோடு போட்டால்தான் சொற்கள் கூகுளுக்குப் பிரிந்து தெரியும், அதுதான் நல்லது’ என்பார்.

இரண்டுமே சரியில்லை. டொமைன் பெயரில் ஒரு ஹைஃபன் இருப்பதற்காகக் கூகுள் ஒரு தளத்தை ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. அந்தக் கோடு வேலையைக் காட்டுவது மனிதர்களிடம்தான்: பெயரை வாயால் சொல்லும்போது, கைப்பேசியில் தட்டும்போது, இமெயில் அனுப்பும்போது. வாங்குவதா வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

கோடு எங்கே வரலாம்?

டொமைன் பெயர்களுக்கான விதிகள் 1980களில் எழுதப்பட்டவை. முதல் டாட் காம் பெயரான சிம்பாலிக்ஸ் டாட் காம் பதிவானது 1985 மார்ச் 15 அன்று. அப்போதிலிருந்தே ஒரு பெயரில் இடம்பெறக்கூடியவை மூன்றே வகை: ஆங்கில எழுத்துகள், எண்கள், ஹைஃபன். இடைவெளி விட முடியாது, அண்டர்ஸ்கோர் (அடிக்கோடு) போட முடியாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் கிடையாது. ஆக, இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் கையில் இருக்கும் ஒரே கருவி இந்த ஹைஃபன்தான்.

சில கட்டுப்பாடுகள் உண்டு. புள்ளிகளுக்கு இடையே வரும் ஒவ்வொரு பகுதியும் 63 குறிகளுக்கு மேல் போகக்கூடாது. பகுதியின் தொடக்கத்திலோ முடிவிலோ ஹைஃபன் வரக்கூடாது. அப்புறம், மூன்றாவது, நான்காவது இடங்களில் அடுத்தடுத்து இரண்டு ஹைஃபன் வருவது தனிப் பயனுக்காக ஒதுக்கப்பட்டது. தமிழ், அரபு, சீனம் போன்ற எழுத்துகளில் பதியும் டொமைன்கள் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளாக மாற்றித்தான் சேமிக்கப்படுகின்றன. அந்த மாற்றுவடிவம் எப்போதும் ‘எக்ஸ்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகள், பின்னாலேயே இரண்டு ஹைஃபன் என்று தொடங்கும். இதற்குப் பியூனிகோட் என்று பெயர்.

தமிழில் டொமைன் வைத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாமலேயே இரண்டு ஹைஃபன்களோடுதான் இணையத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். பியூனிகோட் வடிவத்தையும் மூல எழுத்து வடிவத்தையும் ஒன்றாகவே நடத்துகிறோம் என்று கூகுள் 2015இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. கோட்டைப் பார்த்த உடனே தண்டிக்கிற தேடுபொறியாக இருந்தால் உலகின் பாதி மொழிகளில் தளமே வைக்க முடியாது.

பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

2000களின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். அப்போது மக்கள் தேடும் சொற்றொடரையே டொமைன் பெயராக வைப்பது ஒரு பெரிய உத்தி. ‘மலிவு விலை ஓட்டல் அறை’ என்று ஆட்கள் தேடுகிறார்களா, ‘மலிவு-விலை-ஓட்டல்-அறை டாட் காம்’ என்று ஒரு பெயரைப் பதிந்துவிடுவார்கள். கோடில்லாத பெயர்களை முன்கூட்டியே சிலர் வளைத்துப் போட்டிருந்ததால் மிச்சமிருந்தவை கோடுள்ள பெயர்கள். அவற்றில் மூன்று, நான்கு கோடுகள் சகஜம்.

இந்த உத்தி ஓரளவு பலிக்கவும் செய்தது. அதற்குக் காரணம் கோடு என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் வேலை செய்தது லிங்க். ஒரு தளத்துக்கு லிங்க் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதன் பெயரையே லிங்க்கின் எழுத்தாக வைப்பார்கள். அந்த எழுத்தைத் தேடுபொறி படித்து, அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று ஊகிக்கும். தளத்தின் பெயரே தேடல் சொற்றொடராக இருந்துவிட்டால், வருகிற ஒவ்வொரு லிங்க்கும் கேட்காமலேயே அந்தச் சொற்களைச் சுமந்து வரும். ஹைஃபன் அந்தச் சொற்களைப் பிரித்துக் காட்டியதால் அதற்கும் கொஞ்சம் பெயர் கிடைத்தது. ‘கோடு நல்லது’ என்ற பேச்சு தொடங்கியது இங்கேதான்.

‘கோடு கெட்டது’ என்ற பேச்சும் இதே கூட்டத்திலிருந்துதான் வந்தது. இப்படிப் பெயர் வைத்தவர்களில் பலர் தளத்துக்குள் உருப்படியாக எதையும் வைக்கவில்லை. நாலு பத்தி நகல் எழுத்து, சுற்றிலும் விளம்பரம், அவ்வளவுதான். கூகுள் 2012 செப்டம்பர் 28 அன்று இவர்களுக்கு எதிராக ஒரு மாற்றத்தை அறிவித்தது. அப்போது ஸ்பாமுக்கு எதிரான குழுவின் தலைவராக இருந்த மேட் கட்ஸ் ட்விட்டரில் சொன்ன தகவல்படி, தேடல் சொற்றொடரையே பெயராகக் கொண்ட தரம் குறைந்த தளங்களைக் குறைக்கும் சிறிய மாற்றம் அது. அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதத்தில் அதன் விளைவு கண்ணுக்குத் தெரியும் என்றார். அறிவிப்பில் ஹைஃபன் என்ற பேச்சே இல்லை. ‘தரம் குறைந்த’ என்ற சொல் இருந்தது. ஆனால் அடிவாங்கிய தளங்களில் கோடுகள் நிறைய இருந்ததால், கோட்டுக்குத்தான் அடி விழுந்தது என்று பலர் புரிந்துகொண்டார்கள்.

மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் 2014இல் எடுத்த நடவடிக்கை இன்னும் கொஞ்சம் நெருங்கி வருகிறது. முகவரியில் தேடல் சொற்களைத் திணிக்கும் தளங்களைப் பிடிக்க ஒரு வடிகட்டியைக் கொண்டுவந்தது. பெயரில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதையும் ஓர் அடையாளமாகப் பார்ப்பதாகச் சொன்னது. ஆனால் கூடவே உள்ளடக்கத்தின் தரத்தையும் தளத்தின் செல்வாக்கையும் சேர்த்துத்தான் பார்த்தது. வெறும் கோட்டை எண்ணி யாரையும் வெளியே அனுப்பவில்லை.

இன்றைய நிலை என்ன? புதியவர்களுக்காகக் கூகுள் வெளியிடும் எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை) தொடக்கக் கையேடு 2024இல் திருத்தி எழுதப்பட்டது. எதைப் பற்றியெல்லாம் கவலைப்படத் தேவையில்லை என்று அதில் ஒரு பகுதி இருக்கிறது. டொமைன் பெயரிலோ முகவரியிலோ தேடல் சொற்கள் இருப்பதால் மட்டும் தரவரிசையில் கிட்டத்தட்ட எந்த விளைவும் இல்லை என்று அந்தப் பகுதி சொல்கிறது. சொல்லுக்கே மதிப்பில்லை என்றால் சொற்களுக்கு நடுவே இருக்கும் கோட்டுக்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது?

நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் தளத்தைப் பாருங்கள். பெயரிலும் ஹைஃபன், டொமைனிலும் ஹைஃபன். ஆங்கிலச் சொல் ஒன்றுக்குப் பொருள் தேடினால் முதல் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் தளங்களில் அது ஒன்று. கோகோ-கோலா, மெர்சிடிஸ்-பென்ஸ், ரோல்ஸ்-ராய்ஸ், ஹார்லி-டேவிட்சன், டி-மொபைல் ஆகியவற்றின் டொமைன்களிலும் கோடு உண்டு. நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்தும் சைகிட்-லேர்ன் தளத்திலும் உண்டு. ‘அவர்கள் பெரிய ஆட்கள், கோடு போட்டாலும் ஜெயிப்பார்கள்’ என்று வாதாடலாம். ஆமாம், அவர்கள் ஜெயிப்பது பெரிய ஆட்கள் என்பதால்தான். அவர்களுடைய பெயர் கோட்டோடுதான் மக்கள் மனதில் பதிந்திருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

பக்க முகவரியில் இருக்கும் கோடு வேறு விஷயம்

இந்த இடத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். டொமைனுக்குப் பின்னால், சாய்கோட்டுக்கு அப்புறம் வருகிற பகுதி தனி. ‘சைக்கிள்-செயின்-மாற்றும்-முறை’ என்று ஒரு பக்கத்துக்கு முகவரி வைக்கிறீர்கள் என்றால், சொற்களுக்கு நடுவே ஹைஃபன் போடுங்கள், அண்டர்ஸ்கோர் வேண்டாம் என்று கூகுளே பரிந்துரைக்கிறது. ஹைஃபனைச் சொற்களைப் பிரிக்கும் குறியாக அது பார்க்கிறது. அண்டர்ஸ்கோரால் இணைந்த சொற்களை ஒரே சொல்லாகப் பார்க்கும் பழக்கம் இருந்ததை மேட் கட்ஸ் 2005இலேயே விளக்கியிருந்தார். கூகுளைத் தொடங்கியவர்கள் கணினிக்காரர்கள். நிரல்களில் வரும் பெயர்களில் அண்டர்ஸ்கோர் ஒரு முழுப் பெயரின் பகுதி, அதை வெட்டினால் தேடுபவருக்கு வேண்டியது கிடைக்காது.

‘ஹைஃபன் போடுங்கள் என்று கூகுள் சொல்கிறது’ என்ற வரியை மட்டும் கேட்டவர்கள் அதை டொமைனுக்கும் இழுத்து வந்துவிட்டார்கள். அது பக்க முகவரிக்கான அறிவுரை. அதுவும் புதிதாக வைக்கும் முகவரிக்குத்தான். ஏற்கெனவே அண்டர்ஸ்கோரோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பக்கங்களை இதற்காகப் பெயர் மாற்றுவது வேண்டாத வேலை.

தொல்லை எங்கே?

முதல் தொல்லை வாய்வழி. கோடில்லாத பெயரைச் சொன்னால் கேட்டவர் அப்படியே தட்டுவார். கோடுள்ள பெயருக்கு ‘நடுவில் ஒரு ஹைஃபன்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் அதை டேஷ் என்பார், இன்னொருவர் மைனஸ் என்பார், மூன்றாமவர் அண்டர்ஸ்கோர் என்று புரிந்துகொள்வார். பாட்காஸ்ட், வீடியோ, தொலைபேசி என்று பேச்சின் வழியாக ஆட்கள் வரும் தளமாக இருந்தால் இது தினசரி இழப்பு. கைப்பேசி விசைப்பலகையிலும் பெரும்பாலும் எண்கள் இருக்கும் அடுத்த பக்கத்துக்குப் போய்த்தான் ஹைஃபனை எடுக்க வேண்டியிருக்கும். ஆட்கள் அந்தச் சிரமத்தை எடுக்க மாட்டார்கள். கோட்டை விட்டுவிட்டுத் தட்டுவார்கள்.

அப்படித் தட்டினால் எங்கே போவார்கள்? இதுதான் முக்கியமான கேள்வி, இதைத்தான் பலர் கேட்பதே இல்லை. கோடில்லாத பெயர் யாரிடம் இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். அது உங்கள் துறையிலேயே இருக்கும் இன்னொருவருடையது என்றால், நீங்கள் செய்யும் விளம்பரத்தில் ஒரு பங்கு அவருக்குப் போகும். ஆபாசத் தளமாகவோ ஏமாற்றுத் தளமாகவோ இருந்தால் அந்தப் பெயரை மறந்துவிடுங்கள். யாரும் பயன்படுத்தாமல் சும்மா கிடக்கிறது என்றாலும் நாளை அது விற்கப்படலாம்.

தளத்தைவிட இமெயிலில்தான் ஆபத்து அதிகம். தவறான தளத்துக்குப் போனவர் பார்த்ததும் திரும்பிவிடுவார். தவறான முகவரிக்குப் போன கடிதம் திரும்பாமலே போகலாம். கோடில்லாத டொமைனின் உரிமையாளர் எந்தப் பெயருக்கு வரும் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளும்படி அமைத்திருந்தால், உங்கள் வாடிக்கையாளர் அனுப்பிய ஒப்பந்தம் அவருடைய பெட்டியில் போய் உட்காரும். அனுப்பியவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

சின்னதாக ஒரு நுட்பச் சிக்கலும் இருக்கிறது. டொமைனில் வரும் ஹைஃபன் விசைப்பலகையில் இருக்கும் அந்தச் சாதாரணக் குறி மட்டும்தான். எழுது மென்பொருள்கள் சில நேரம் தாமாகவே அதை நீண்ட கோடாக மாற்றிவிடும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் கணினிக்கு அது வேறு குறி. அந்த லிங்க்கைச் சொடுக்கினால் உங்கள் தளத்துக்கு வந்து சேராது. அச்சில் போடும்போது வரியின் கடைசியில் பெயர் உடைந்தால் அந்தக் கோடு பெயரில் உள்ளதா, வரியை உடைக்கப் போட்டதா என்று வாசகருக்குத் தெரியாது. தேடலிலும் ஒரு வேடிக்கை உண்டு: கூகுளில் இடைவெளி விட்டு, ஒரு சொல்லுக்கு ஒட்டி முன்னால் கோடு போட்டால் ‘இந்தச் சொல் வேண்டாம்’ என்று அர்த்தம். உங்கள் பெயரை இடம் தவறித் தட்டுபவர் உங்களையே விலக்கித் தேடிக்கொண்டிருப்பார்!

அடுத்தது நம்பிக்கை. பிரபல வங்கி அல்லது நிறுவனத்தின் பெயரோடு ‘லாகின்’, ‘பாதுகாப்பு’, ‘உதவி’ என்று ஏதாவது ஒன்றை ஹைஃபனால் ஒட்டி ஏமாற்றுத் தளம் வைப்பது பழைய தந்திரம். காம்போஸ்குவாட்டிங் என்பார்கள். புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புதியவர்கள் இங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு டொமைனுக்கு முன்னால் புள்ளி வைத்து ‘உதவி’ என்று சேர்க்க அதன் உரிமையாளரால் மட்டுமே முடியும். ‘உதவி’ என்று எழுதிக் கோடு போட்டு அதே பெயரைச் சேர்த்தால் அது முற்றிலும் வேறு டொமைன், யார் வேண்டுமானாலும் பதியலாம். இந்தத் தந்திரத்தைப் பார்த்துச் சூடுபட்டவர்கள் கோடுகள் நிறைந்த பெயரைக் கண்டால் தயங்குகிறார்கள். கைப்பேசித் தேடல் முடிவுகளில் 2025 ஜனவரி முதல் கூகுள் முழு முகவரியைக் காட்டுவதை விட்டுவிட்டு டொமைனை மட்டும் காட்டுகிறது. ஆக, பெயர் முன்பைவிடத் தனியாகக் கண்ணில் படுகிறது.

‘அப்படியானால் சுற்றிவளைத்துத் தரவரிசையைத் தொடாதா?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அமெரிக்காவில் கூகுள் மீது நடந்த ஏகபோக வழக்கில், பயனர்களின் சொடுக்குகளைக் கணக்கில் எடுக்கும் நேவ்பூஸ்ட் என்ற அமைப்பு இருப்பதை கூகுள் தேடல் பிரிவின் துணைத் தலைவர் பாண்டு நாயக் 2023இல் சாட்சியத்தில் ஒப்புக்கொண்டார். ஆட்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்பது கணக்கில் வருகிறது என்றால், பெயரைப் பார்த்தே நம்பிக்கை போகிற தளத்துக்கு அது நல்லதல்ல. ஆனால் நான்கு சொற்களைக் கோர்த்து, ஸ்பாம் வாடை அடிக்கும் பெயருக்குத்தான் இந்தக் கவலை. இரண்டு சொல், ஒரு கோடு, உள்ளே நல்ல சரக்கு என்றால் ஆட்கள் அந்தக் கோட்டைக் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

கோடு போட்டே ஆக வேண்டிய இடம்

சில பெயர்களுக்குக் கோடு காவல். எக்ஸ்பெர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற தொழில்நுட்பக் கேள்வி பதில் தளம் முதலில் இரண்டு சொற்களையும் ஒட்டித்தான் பெயர் வைத்திருந்தது. ஆங்கிலத்தில் அதை ஒட்டிப் படித்தால் ‘எக்ஸ்பெர்ட் செக்ஸ் சேஞ்ச்’ என்று, பால்மாற்று சிகிச்சை நிபுணரைப் பற்றிய தளம்போல ஒலிக்கும். கேலி தாங்காமல் நடுவில் ஒரு ஹைஃபனைப் போட்டார்கள். உங்கள் பெயரை ஒட்டி எழுதி, விஷயம் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் தவறான இடத்தில் வெட்டினால் கோடு போடலாம். முதல் சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்த சொல்லின் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தாலும் கோடு உதவும். இல்லாவிட்டால் ஆட்கள் ஓர் எழுத்தை விழுங்கிவிடுவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கோடு யாரையும் காப்பாற்றாது. புகழ்பெற்ற பிராண்டின் பெயரில் நடுவே கோடு போட்டுப் பதிந்துகொண்டு, ‘இது வேறு பெயர்’ என்று சொல்ல முடியாது. டொமைன் தகராறுகளுக்காக, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999இல் ஏற்றுக்கொண்ட தீர்வு நடைமுறை ஒன்று இருக்கிறது. அதன்கீழ் வரும் வழக்குகளில் ஹைஃபன் சேர்ப்பதையோ நீக்குவதையோ நடுவர்கள் பொருட்படுத்துவதில்லை. கெட்ட எண்ணத்தோடு பதிந்தது என்று நிரூபணமானால் பெயர் கைவிட்டுப் போகும்.

என்னைக் கேட்டால், இரண்டு வடிவமும் கிடைக்கிற பெயரைத்தான் முதலில் தேடுவேன். கோடில்லாததில் தளத்தை வைத்து, கோடுள்ளதை 301 ரீடைரக்ட் (வருபவரை நிரந்தரமாக வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் முறை) மூலம் அதற்குத் திருப்பிவிட்டால் போதும். இரண்டிலும் ஒரே தளத்தைத் தனித்தனியாக ஓடவிடக் கூடாது. கூகுள் எதை மூலம் என்று எடுப்பது என யோசிக்க வேண்டிவரும், வரும் லிங்க்குகளும் இரண்டாகப் பிரியும். கோடுள்ளது மட்டும்தான் கிடைக்கிறது என்றால், கோடில்லாததை வைத்திருப்பவரால் தொந்தரவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு தாராளமாக வாங்கலாம். இரண்டு கோடுகள் தேவைப்படும் பெயர் என்றால் நான் வேறு பெயர் யோசிப்பேன்.

ஏற்கெனவே கோடுள்ள பெயரில் தளம் நடத்துகிறவர்கள் தரவரிசைக்காக மட்டும் அதை மாற்ற வேண்டாம். டொமைன் மாற்றுவது கோட்டைவிடப் பெரிய விஷயம், கொஞ்ச காலம் இடம் ஏறி இறங்கும். பிராண்டுக்காக மாறியே ஆக வேண்டும் என்றால், பழைய ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 மூலம் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே தள்ளிவிடாதீர்கள். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் முகவரி மாற்றத்தைத் தெரிவியுங்கள். ரீடைரக்டுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. இப்படித் திருப்பும்போது லிங்க்குகளின் மதிப்பு குறைவதில்லை என்று கூகுளின் கேரி இலியஸ் 2016இல் சொல்லியிருக்கிறார்.

மாறிய பிறகும் பழைய டொமைனை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். காலாவதியாக விட்டால் இன்னொருவர் பதிந்துகொள்வார். அதற்கு வந்த லிங்க்குகள் அவருக்குப் போகும். பழைய இமெயில் முகவரியில் நீங்கள் திறந்த கணக்குகளின் கடவுச்சொல் மாற்றும் கடிதங்களும் அவருக்கே போகும்.